பெயர் கேட்டு வந்தவர்

ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். பல் தேய்த்தேன். குளியலறைக் குவளையில் மூன்று பிரஷ்ஷும் ஒரு சீப்பும் இருக்கின்றன. இரண்டு பிரஷ் ஈரமாக இருக்கும். மூன்றாவது காய்ந்து கிடக்கும். சீப்பை நான் தொடுவதில்லை.

தெருமுனைக் கடையில் ஆறு ரொட்டி வாங்கினேன். இரண்டு பேருக்கு நான்கு போதும். வாய்க்கு ஆறுதான் வருகிறது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குப் போடுகிறேன்.

வாசலில் கரும்பு சாய்ந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தேன்.

போன வாரம் வில்மா கொண்டுவந்த கரும்பு அது. வில்மா என் மனைவி மிர்த்தாவின் தங்கை. மிர்த்தா போய் ஏழு மாதம் ஆகிறது. முதல் வருஷத்து ஆன்மாவுக்கு நவம்பர் ஒன்றாம் தேதி நடுப்பகலில் வீட்டில் மேசை போட வேண்டும். கரும்பை வளைத்துப் பந்தல், வெங்காயப் பூ, முகம் வைத்த ரொட்டிப் பொம்மைகள், போனவளுக்குப் பிடித்த சாப்பாடு. மறுநாள் நடுப்பகல் வரை ஆன்மா வீட்டில் இருக்கும். அதுவரை கதவு திறந்திருக்க வேண்டும். ஜெபிக்க யார் வந்தாலும் ரொட்டி கொடுத்து அனுப்ப வேண்டும். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

நான் வேண்டாம் என்றேன். வில்மா காரணம் கேட்டாள். காரணம் இல்லை என்றேன். அவள் கரும்பை வாசலிலேயே சாத்திவிட்டுப் போனாள்.

நேற்று நடுப்பகலில் எங்கள் தெருவில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எங்கள் கதவு மூடியிருந்தது. மகள் லிசெத் அவள் அறையில் இருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் எல் ஆல்ட்டோவுக்கு வரும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இன்று கல்லறைத் திருநாள், விடுமுறை. செய்ய எதுவும் இல்லை. சமையல் மேடையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

ஒன்பதரைக்கு லிசெத் அறையை விட்டு வந்தாள். பதின்மூன்று வயது. மிர்த்தாவின் திராட்சை நிற ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். கை நீளம் அதிகம், இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். ஒரு பின்னல் இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருந்தது.

“எங்கே?”

“கல்லறைக்கு. சித்தியோட.”

“சித்தி வந்தாச்சா?”

“கேபிள் கார் ஸ்டேஷன்ல நிக்கறாங்க. நீங்கதான் வர மாட்டேன்னு சொல்லிட்டீங்களே.”

சொல்லியிருந்தேன். ஒரு ரொட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கதவு வரை போனாள். திரும்பினாள்.

“அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?”

“உனக்குத்தான் சொல்லியிருக்கேனே.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“‘லிசெத்தை நல்லாப் பாத்துக்கோ’ன்னு சொன்னா.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆய்வகத்தில் நான் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுபோல.

“சரி” என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

*

ஒரு மணி நேரத்தில் கதவைக் காலால் உதைக்கிற சத்தம். வில்மாதான். அவள் மினிபஸ் ஓட்டுகிறவள். கை இரண்டும் ரொட்டி மூட்டையில் இருந்தால் காலால்தான் தட்டுவாள்.

“லிசெத் ரெடியா மச்சான்? ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க. வண்டியை மேலேயே விட்டுட்டு வந்தேன். கேபிள்லதான் போகணும்.”

“உன்கூடக் கிளம்பிட்டாளே.”

“என்கூடவா?”

“ஸ்டேஷன்ல நீ நிக்கறேன்னு சொன்னா.”

வில்மா மூட்டையைக் கீழே வைத்தாள். “நேத்து சாயங்காலம் எனக்கு மெசேஜ் போட்டா. ‘அப்பா மனசு மாறிட்டார், அவரே கூட்டிட்டுப் போறார், நீங்க பன்னெண்டுக்கு மேல வாங்க’ன்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. மனசு மாறுற மூஞ்சியா உங்களுது? அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

லிசெத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்த்தேன். கல்லறைச் சுவரில் மிர்த்தாவின் சவப்பெட்டி இருக்கும் மாடத்தின் கண்ணாடிக்கதவுச் சாவி அதில்தான் தொங்கும். ஆணி மட்டும் இருந்தது.

“கல்லறைக்குத்தான் போயிருக்கா” என்றேன். “தனியா. ஏன்?”

வில்மா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“வில்மா.”

“ரெண்டு மாசமா மேசை போட்டு வச்சிருக்கா மச்சான்.”

“எங்கே?”

“அங்க. அந்தக் கட்ட உலகத்துல.”

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் விளையாட்டுதான். எல்லாமே கட்டங்களால் ஆனது. மரம், மாடு, மேகம், மனுஷன். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதற்குள் வீடு கட்டுகிறார்கள், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். மிர்த்தா உயிரோடு இருந்தபோது வாரத்துக்கு மூன்று நாள் அனுமதித்தாள். அவள் போன பிறகு நான் நாள் கணக்கு வைக்கவில்லை. பிள்ளை அறையில் இருக்கிறாள், சத்தம் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நானும் போயிருக்கேனே. நேத்து பன்னெண்டு மணிக்கு அங்கதான் ஜெபிச்சேன். நீங்க கதவை மூடிட்டீங்க. அக்கா அவ வீட்டுக்குத்தானே வருவா, என் வீட்டுக்கு எதுக்கு வரப்போறா? கதவு எங்க திறந்திருந்துச்சோ அங்க போனேன்.” போனை எடுத்தாள். “இந்தக் கோழியைப் பாத்துச் சிரிக்காதீங்க. நான்தான் அது. மாத்தத் தெரியல.”

திரையில் ஹெல்மெட் போட்ட கோழி ஒன்று நின்றது. நான் சிரிக்கவில்லை.

கோழி ஒரு வயலைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தது. மேசை இருந்தது. பச்சைக் கட்டங்களை அடுக்கிக் கரும்புப் பந்தல். வெள்ளைக் கட்டங்களில் வெங்காயப் பூ. வரிசையாக ரொட்டிப் பொம்மைகள். எல்லாப் பொம்மைக்கும் இரண்டு பின்னல். நடுவில் ஒரு தட்டில் மஞ்சளாக ஏதோ இருந்தது. மிர்த்தாவுக்குப் பிடித்த நிலக்கடலை சூப்பாக இருக்க வேண்டும். வாசலுக்குக் கதவே வைக்கவில்லை.

சுவரெல்லாம் சின்னச் சின்னப் பலகைகள். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போனவை. ‘உங்க அம்மாவுக்காக ஒரு அருள் நிறை ஜெபம் சொன்னேன்.’ ‘நான் பராகுவேயில் இருக்கிறேன், எனக்கு ஜெபம் தெரியாது, கும்பிட்டேன்.’ ‘என் தாத்தாவும் போய்விட்டார்.’ நாற்பது பலகைக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரொட்டிக் கட்டம் வைத்திருந்தாள். ஒருவரையும் வெறும் கையோடு அனுப்பவில்லை.

கடைசிப் பலகை வரை படித்தேன்.

“நல்ல பிள்ளைங்க மச்சான்” என்றாள் வில்மா. “நம்ம தெருவுல இத்தனை பேர் வந்திருக்க மாட்டாங்க.”

“பின்னால கதவு இருக்கே. அது என்ன?”

“அவ ரூம்.”

“உள்ள போ.”

“அடுத்தவங்க வீட்டு உள்ரூமுக்குள்ள எப்படிப் போறது? மேசைக்கு வந்தவங்க மேசை முன்னாடி நிக்கணும். நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்ல.”

“போ வில்மா.”

கோழி உள்ளே போனது. அங்கேயும் பலகைகள். இரண்டு பேர் மட்டும் எழுதியவை. ஒன்று லிசெத். இன்னொருவர் பெயருக்குப் பதிலாக ‘ஜெபக்காரர்’ என்று வைத்திருந்தார்.

முதல் பலகையில் தேதி இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்பு. ‘உன் அம்மாவுக்காக ஜெபிக்க வந்திருக்கிறேன். முழுப் பெயர் சொல், மகளே.’

அடுத்த பலகை அவளுடையது. ‘மிர்த்தா லிமாச்சி தீக்கோனா.’

மேசைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதுதான். பெயர் சொல்லாவிட்டால் ஜெபம் வேறு யாருக்காவது போய்விடும். வந்தவரை ‘நீங்கள் யார்’ என்று திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை. இங்கே வளர்ந்த எந்தப் பிள்ளையும் பெயரைச் சொல்லியிருக்கும். நானும் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தான். எந்த நாள் போனார்? எந்த ஆஸ்பத்திரி? எந்த மாடி? நீ எங்கே இருந்தாய்? லிசெத் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். பித்தப்பை ஆபரேஷன். மூன்றாவது மாடி. பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை விட மாட்டார்கள் என்று அப்பா சொன்னார். நான் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியே வந்தபோது முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் எது என்று அவன் கேட்கவில்லை. போட்டோ கேட்கவில்லை. பயந்துகொள்ளும்படி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரப் பலகை:

‘அன்றைக்கு நானும் அந்த வார்டில் இருந்தேன். பக்கத்துப் படுக்கை என் தங்கை. உன் அம்மா உன்னைக் கூப்பிட்டார். உன் அப்பா உன்னை உள்ளே விடவில்லை. கடைசியாக அவர் சொன்னதை நான் கேட்டேன். அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.’

லிசெத் எழுதியிருந்தாள்: ‘அப்பா வேற மாதிரி சொன்னார்.’

‘அப்பாக்கள் அப்படித்தான், மகளே.’

பலகைகள் அங்கே முடிந்தன. அறைக்குப் பின்னால் வெட்டவெளி. அங்கே ஒரு சுவர் எழும்பியிருந்தது. ஏழு வரிசை, வரிசைக்கு இருபது சதுரம். சாம்பல் நிறம். ஒரே ஒரு ஏணி. ஐந்தாவது வரிசையில் ஒரு சதுரத்தில் மட்டும் சிவப்புப் பூ. ஏணியின் கீழே ஒரு உருவம் நின்றது. சூரியன் உச்சியில் இருந்தது, நகரவில்லை.

கல்லறைச் சுவர். மிர்த்தாவின் மாடம் ஐந்தாவது வரிசை.

“இதுல போன் நம்பர் எழுதினா நட்சத்திரமா மாறிடும்” என்றாள் வில்மா. குரல் இறங்கிவிட்டது. “அட்ரஸ் எழுத விடாது. கெட்ட வார்த்தை எழுத விடாது. பிள்ளைங்களுக்குப் பத்திரம்னு போட்டிருந்துச்சு. நானே படிச்சேன். சுவர் கட்டினா யாரு கேக்கப்போறா?”

“சூரியன் ஏன் உச்சியிலேயே நிக்குது?”

“நிறுத்தி வைக்கலாம். அவன்தான் நிறுத்தியிருப்பான்.” அவள் என்னைப் பார்த்தாள். “பன்னெண்டு மணி மச்சான். ஆன்மா போற நேரம்.”

மணி பத்து ஐம்பது.

*

ஸ்டேஷனில் வரிசை தெரு வரை நின்றது. எல்லார் கையிலும் பூ. எல்லார் கையிலும் ரொட்டிப் பை. நான் இடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஒரு ஆள் சட்டையைப் பிடித்தான்.

“எல்லாருக்கும்தான்யா ஆன்மா காத்திருக்கு. வரிசையில வா.”

வில்மா மினிபஸ் குரலில் சொன்னாள். “இவர் பொண்ணைக் காணோம். வழி விடுங்க.” வழி விட்டார்கள்.

கேபிள் பெட்டியில் எட்டுப் பேர். கதவு மூடிக்கொண்டது. கீழே செங்கல் வீடுகள் நகர்ந்தன. நான் எழுந்து நின்றேன். நின்றால் வேகமாகப் போகாது என்று தெரியும். மறுபடி உட்கார்ந்தேன். லிசெத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்தது.

“இன்னியோட அதை மூடறேன்” என்றேன். “போன், கம்ப்யூட்டர், எல்லாத்தையும்.”

“மூடுங்க” என்றாள் வில்மா. “மூடறதுதான் உங்களுக்கு நல்லா வருதே. வீட்டுக் கதவை மூடினீங்க, அவ அங்க போய் ஒரு கதவு திறந்தா. அதையும் மூடினா எங்க போய்த் திறப்பா? அதை யோசிச்சீங்களா?”

“அவன் உள்ள வந்தது அந்தக் கதவு வழியாத்தானே.”

“ஆமா. இல்லேன்னு சொல்லல. நான்தான் அவளுக்குச் சொன்னேன், ஜெபிக்க வந்தவங்க கேட்டா இல்லேன்னு சொல்லாதே, அம்மாவுக்கு ஆகாதுன்னு.” வில்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நாற்பது பலகை இருந்துச்சே. நாற்பது பிள்ளைங்க. அதையும் பாத்தீங்கல்ல?”

எதிரே மடியில் கிளாடியோலஸ் பூக்கட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நேரம் ஜன்னலைப் பார்ப்பதுபோல எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

“எம் பையனுக்குப் பதினஞ்சு” என்றார். “தெருவுல கெட்டுப்போயிடுவான்னு நான்தான் அதுல உக்கார வச்சேன். வீட்டுலயே இருக்கான்னு நிம்மதியா தூங்கினேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்பக் கேட்டா, அங்க யார்கூடப் பேசறான்னு எனக்குத் தெரியாது.”

பெட்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது குலுங்கியது.

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுதியதை மனதில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். தண்ணீரில் ஏதாவது கலந்தால் எந்தக் குழாயில் சேர்ந்தது என்று பின்னோக்கிப் போவோம். ஆஸ்பத்திரி, மாடி, நாள், படிக்கட்டு, எல்லாம் லிசெத் முதலில் எழுதியது. அவனாகச் சேர்த்தது இரண்டே இரண்டு. பக்கத்துப் படுக்கை. உன்னைக் கூப்பிட்டார்.

மிர்த்தாவின் பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. அதில் என் ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன்.

அவன் பொய் சொல்கிறான். அது எனக்குத் தெரியும். ஆனால் லிசெத்துக்குத் தெரிய வழியில்லை. அவளிடம் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று அவனுடையது. இன்னொன்று என்னுடையது. என்னுடையதும் பொய்.

*

கல்லறை வாசலில் பதினொன்று முப்பத்தைந்து. உள்ளே நுழையவே பத்து நிமிஷம். சுவருக்குச் சுவர் ஏணிகள். ஏணிகளின் மேல் ஆட்கள் கண்ணாடி துடைக்கிறார்கள், பூ மாற்றுகிறார்கள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்கு நகர்கிறார்கள். தொப்பிகள். மூட்டைகள். ஜெபிக்கிறவர்கள் பையோடு நடந்துகொண்டே கேட்கிறார்கள்: “யாருக்காக ஜெபிக்கட்டும்? பேர் சொல்லுங்க.” இன்று இங்கே எல்லாரும் அந்நியரிடம் பெயர் சொல்கிறார்கள்.

எங்கள் சுவர் கடைசி. ஏணி வாடகைக்கு விடுகிற அம்மாள் வழியில் நின்றார். அவருக்கு மிர்த்தாவின் மாடம் தெரியும். அடக்கத்துக்கு ஏணி கொடுத்தவரே அவர்தான்.

“பொண்ணு மேலதான் இருக்கா” என்றார். “அந்த மாடத்துக்கு இன்னிக்கு ரெண்டாவது தடவையா ஏணி போகுது. காலையில ஒருத்தர் வந்தார். முழுப் பேரும் சொன்னார். சொந்தக்காரர்னு நெனச்சுக் காட்டினேன்.”

“எந்த மாதிரி ஆள்?”

“ஐம்பது வயசு இருக்கும். தொப்பி. பேச்செல்லாம் மரியாதை. பொண்ணு எத்தனை மணிக்கு வருவான்னு கேட்டார்.”

வில்மா என் கையைப் பிடித்தாள். “நான் வாசல் காவலர்கிட்டப் போறேன். பலகையெல்லாம் காட்டறேன். நீங்க ஏணியை விட்டு நகராதீங்க.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

லிசெத் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். கண்ணாடிக்கதவு திறந்திருந்தது. காலையில் எடுத்த ரொட்டியை உள்ளே வைத்திருந்தாள். ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன்.

“லிசெத். இறங்கு.”

குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. “கோழி வந்துச்சு. போன்ல காட்டுச்சு. அந்த ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது.”

“நான்தான் வரச் சொன்னேன். இறங்கு.”

“பன்னெண்டுக்கு இறங்கறேன்.”

“அவன் வார்டுல இல்லம்மா. பக்கத்துப் படுக்கையில யாருமே இல்ல. அவன் சொன்னதெல்லாம் நீ அவனுக்குச் சொன்னது.”

“அம்மா என்னைக் கூப்பிட்டாங்கன்னு நான் சொல்லல. அது அவரா சொன்னது.”

“அதுதான் பொய்.”

“அப்ப உங்களுது?” அவள் குரல் உயரவில்லை. “‘நல்லாப் பாத்துக்கோ.’ அம்மா என்னிக்காவது அப்படிப் பேசியிருக்காங்களா? டிவியில சாகறவங்கதான் அப்படிப் பேசுவாங்க. ஏழு மாசமா நான் கேக்கறப்ப எல்லாம் ஒரு எழுத்து மாறாம அதையே சொல்றீங்க. நிஜமா நடந்ததைச் சொல்றவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க.”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு குடும்பம் எங்களையே பார்த்தது. பிறகு பார்க்காத மாதிரி பூவைச் சரிசெய்தது.

அவள் கையில் போன் அதிர்ந்தது. படித்தாள். முகம் மாறியது.

“என்ன?”

“கட்ட உலகத்துலேர்ந்து.” மெதுவாகப் படித்தாள். “‘ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீலச் சட்டை யார்? தனியாகத்தானே வருவதாகப் பேச்சு.’”

நான் திரும்பினேன். நூறு தொப்பி, நூறு முதுகு. எல்லார் கையிலும் போன். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. பாண்டு வாத்தியம் எங்கள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

“அங்க ஒருத்தர் கையைக் காட்டறார்” என்றாள் லிசெத். உயரத்திலிருந்து அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. “எதிர்ச் சுவர்கிட்ட. பூக்காரம்மாவுக்குப் பின்னாடி.” ஒரு படி இறங்கினாள். “போய்க் கேட்டுட்டு வந்துடறேன் அப்பா. நீங்க இங்கேர்ந்தே பாருங்க. ஒரே ஒரு கேள்விதான். அம்மா சொன்னதை அவர் காதால கேட்டிருக்கார். நான் கேக்கல. நான் படிக்கட்டுல இருந்தேன்.”

இன்னொரு படி இறங்கினாள். நான் அவள் காலைப் பிடிக்கலாம். பிடித்தால் இன்றைக்கு நிற்பாள். நாளைக்கு வேறு சுவர், வேறு ஏணி.

“இரு” என்றேன். “சொல்றேன். இறங்காதே, அங்கேயே இரு. சொல்றேன்.”

நின்றாள்.

“பதினாலு வயசுன்னு ஒரு கணக்கு இருந்தது நிஜம். ஆனா நர்ஸ் விடறேன்னுதான் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கூட்டிட்டு வாங்கன்னாங்க. நான்தான் உன்னைக் கூட்டிட்டு வரல.”

“ஏன்?”

“அம்மா வேண்டாம்னா.”

லிசெத் ஏணியில் அப்படியே இருந்தாள். கோயில் மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. சுவரெங்கும் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எதிர்ச் சுவர்ப் பக்கம் யார் கழற்றினார்கள், யார் கழற்றவில்லை என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேண்டாம்னுதான் சொன்னாங்களா?”

“இப்ப வேண்டாம்னா. அஞ்சு நிமிஷத்துல வரட்டும்னுதான் அதுக்கு அர்த்தம். எனக்குப் புரிஞ்சுது. அம்மாவோட பை நர்ஸ் ரூம்ல இருந்தது. எடுக்கப் போனேன். நாலு நிமிஷம். திரும்பி வந்தப்ப கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்துவிட்டிருந்தாங்க, முடிஞ்சுபோச்சு. அம்மா உன்னை வேண்டாம்னு சொன்னான்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? அதான் வேற ஒண்ணைச் சொன்னேன்.”

“பை எதுக்கு?”

போன் மறுபடி அதிர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க” என்றாள். “மாத்தாம.”

மணி நின்றிருந்தது. வில்மாவை இன்னும் காணவில்லை. நான் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மிர்த்தாவின் குரலில் சொல்ல எனக்கு வராது. வார்த்தைகளை மட்டும் சொன்னேன், என் பெயரையும் விடாமல்.

“‘லிசெத்தை இப்ப உள்ள கூட்டிட்டு வந்துடாதே குரோவர். தலை சீவல நான், பிசாசு மாதிரி இருக்கேன். மொதல்ல அந்தச் சீப்பை எடுத்துட்டு வா.’”